நெஞ்சுக்கு நேரே ஒரு இரும்புத் தண்டு

கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நம்மவர்கள் நாலு பேர் கூடி நின்றால் பேச்சு சீக்கிரமே வாகனத்துக்குப் போய்விடும். இறக்குமதி வரி, கார் விலை, பெற்றோல் எல்லாம் பேசி முடிந்ததும் யாராவது ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லுவார்: "அந்தக் காலத்துக் கார் எண்டா இரும்பு. இப்ப வாறது முழுக்கத் தகரம்." எங்கள் குடும்பத்தில் அதைச் சொல்லும் பொறுப்பு பெரியப்பாவுடையது. வெள்ளவத்தையில் வெகுகாலம் மொரிஸ் மைனர் வைத்திருந்தவர் அவர். அதன் பொனட்டில் ஏறி நின்று மாங்காய் பறித்த கதைகள் உண்டு. என்னுடைய வாகன் ஆரின் கதவை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

பெரியப்பாவோடு வாதாடி வெல்ல முடியாது. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. இரும்பு உறுதியாக நின்றால் உள்ளே இருப்பவர் தப்பிவிடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009இல் தன் ஐம்பதாவது ஆண்டுக்காக ஒரு வேலை செய்தது. 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் எயார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மட்டும் மோதும்படி விட்டது. பெல் எயார் பார்க்கக் கப்பல்தான். மோதிய பிறகு அதன் சாரதி இருக்கையைச் சுற்றி இடமே மிஞ்சவில்லை. ஸ்டியரிங் பின்னால் தள்ளப்பட்டுப் பொம்மைச் சாரதியின் மேல் வந்து விழுந்தது. அந்த இடத்தில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மலிபுவில் இருந்தவர் சின்னக் காயங்களோடு இறங்கியிருப்பார். அந்த வீடியோவைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். "அது அமெரிக்கன் கார்" என்றார்.

சரி, அந்த ஸ்டியரிங்கைப் பற்றித்தான் எழுத வந்தேன். சீட் பெல்ட்டையும் எயார்பேக்கையும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டியரிங் வட்டத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும் கொலத்தைப் பற்றி, அதாவது வட்டத்தில் இருந்து முன்னால் போகும் தண்டையும் அதைச் சுற்றிய குழாயையும் பற்றி, யாரும் பேசுவதில்லை.

பழைய கார் ஒன்றின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் வட்டத்தில் இருந்து ஒரு முழு நீள இரும்புத் தண்டு சாய்வாக முன்னால் போகிறது. அதன் மறுமுனை ஸ்டியரிங் பெட்டியில் செருகப்பட்டிருக்கும். பல கார்களில் அந்தப் பெட்டி முன் சில்லுகளின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தது, சிலவற்றில் அச்சுக்கும் முன்னால். 1960களில் நுகர்வோர் பாதுகாப்புக்காகப் போராடிய அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் ஜெனரல் மோட்டார்ஸின் கோர்வெயர் காரைப் பிடித்து உலுப்பியபோது அவர் சுட்டிக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று. காரின் முன்பக்கம் எதிலாவது மோதினால் முதலில் அடி வாங்குவது தண்டின் ஒரு முனை. மறு முனை சாரதியின் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. நடுவில் வளைவதற்கோ முறிவதற்கோ எதுவும் இல்லை.

மோதலில் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கும். காரின் மூக்கு நசுங்கித் தண்டைப் பின்னால் தள்ளும். கார் நின்றாலும் சாரதியின் உடல் நிற்காமல் பழைய வேகத்திலேயே முன்னால் போகும். இரண்டும் எதிரெதிராக வந்து வட்டத்தின் நடு மையத்தில் சந்திக்கும். விலா எலும்புகள் உடையும், நெஞ்செலும்பு முறியும், அதற்குப் பின்னால் இருக்கும் இருதயம் கன்றிப்போகும். எல்லாவற்றிலும் மோசமானது பெருநாடி கிழிவது. இருதயத்தில் இருந்து வளைந்து கீழே திரும்பும் அந்தப் பெரிய குழாயின் ஒரு பகுதி முதுகெலும்போடு ஒட்டி நிற்கும், மற்றப் பகுதி அசையும். உடல் சடாரென்று நிற்கும்போது அந்தச் சந்தியில்தான் கிழியும். வெளியே சட்டையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் ஆள் போய்விடுவார். சில கார்களில் வட்டம் உடைந்து தண்டின் நுனியே நெஞ்சுக்குள் இறங்கியதும் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போடலாம், பெரிய கணக்கு இல்லை. மணிக்கு 48 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 13.3 மீற்றர். காலி வீதியில் இரவு பத்து மணிக்குப் பிறகு யாரும் இதை வேகம் என்றே சொல்ல மாட்டார்கள். இந்த வேகத்தில் வரும் நெஞ்சு அசையாத ஒரு வட்டத்தில் மோதி, விலா எலும்பு அமுங்கும் 5 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டி வந்தால், அதன் மேல் விழுவது புவியீர்ப்பைப் போல 180 மடங்கு. அதே வட்டம் இன்னும் 15 சென்ரிமீற்றர் பின்வாங்கிக் கொடுத்தால் நிற்கும் தூரம் 20 சென்ரிமீற்றர் ஆகும், விசை 45 மடங்குக்கு இறங்கும். அப்போதும் வலிக்கும், எலும்பு உடையலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது உயிர். மடங்கும் கொலத்தின் முழு வேலையும் அந்த 15 சென்ரிமீற்றரைக் கொடுப்பதுதான்.

ஒரு மனித நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்று யாராவது முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. அந்த வேலையின் பெரும் பகுதி டெட்ரோயிட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தானமாக வந்த உடல்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அங்கிருந்த லோரன்ஸ் பற்றிக் என்ற பேராசிரியர் தானே சோதனைப் பொருளாகவும் உட்கார்ந்தார். 10 கிலோ எடையுள்ள இரும்பு ஊசல் ஒன்றை ஆடவிட்டுத் தன் நெஞ்சில் மோத வைத்தவர் அவர். நம் ஊரில் ஒருவர் இப்படிச் செய்தால் வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

கொலத்தை மடங்கவைக்கும் யோசனைக்குப் பல அப்பாக்கள் இருக்கிறார்கள். மெர்சிடிஸில் வேலை செய்த பேலா பாரெனி அவர்களில் முக்கியமானவர். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கட்டும், நடுக் கூடு மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்று 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை எடுத்தவர். 1963இல் பாதுகாப்பு ஸ்டியரிங் தண்டுக்கும் எடுத்தார். அமெரிக்காவில் 1967 மொடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர், அமெரிக்கன் மோட்டார்ஸ் மூன்றும் விசையை உறிஞ்சும் கொலத்தைப் போட்டன. அதை உருவாக்கியது ஜெனரல் மோட்டார்ஸின் சாகினோ ஸ்டியரிங் பிரிவு. ஃபோர்ட் அந்த வருடம் வட்டத்தின் நடுவில் ஆழமான பஞ்சு மெத்தை வைத்துச் சமாளித்துவிட்டு, கொலத்துக்கு 1968இல் வந்து சேர்ந்தது.

அந்த முதல் கொலம் எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தண்டைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாயின் ஒரு பகுதியில் வரிசை வரிசையாக வைர வடிவத் துவாரங்கள் வெட்டினார்கள். பார்க்கும்போது வலை மாதிரி இருக்கும். நீளவாக்கில் அடி விழுந்தால் அந்த வலை மடிந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கும். அமெரிக்கப் பொறியியலாளர்கள் அதற்கு ஜப்பான் விளக்கு என்றே பெயர் வைத்திருந்தார்கள். நமக்கு ஜப்பான் வரை போகத் தேவையில்லை. வெசாக் மாதத்தில் புறக்கோட்டையில் தட்டையாக மடித்துக் கட்டி விற்கும் கடதாசிக் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து இழுத்து விரிக்கிறோமே, அதைத் திருப்பி அமுக்கினால் என்ன நடக்குமோ அதுவே இரும்பில் நடக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக மோதலின் சக்தியைத் தின்றுவிடுகிறது.

குழாய் மடிந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் தண்டும் குறுக வேண்டும். அதனால் தண்டை இரண்டு துண்டாக்கி ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்தார்கள். சாதாரண நாட்களில் அவை வழுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக இரண்டையும் சிறு பிளாஸ்ரிக் ஊசிகளால் பூட்டினார்கள். திருப்பும் விசையை அந்த இரும்பின் தட்டையான பக்கங்களே தாங்கும், ஆகவே ஊசி உடைந்தாலும் சில்லு திரும்பும். ஆனால் நீளவாக்கில் பலமாகத் தள்ளினால் ஊசிகள் அறுந்து ஒரு துண்டு மற்றதற்குள் போய்விடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் ஒரு ஸ்டியரிங்கின் நடுவில், வேண்டுமென்றே அறுபடுவதற்காக வைத்த பிளாஸ்ரிக் துண்டு! முதலில் வாசித்தபோது ஒரு நாள் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

வலைக் குழாய் அதிக காலம் நிலைக்கவில்லை. அதன் பிறகு குண்டுகள் வந்தன. ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு குழாய்களுக்கு நடுவில் இறுக்கமாகக் கடினமான இரும்புக் குண்டுகளை வைத்தார்கள். அடி விழுந்து குழாய் உள்ளே போகும்போது ஒவ்வொரு குண்டும் குழாயின் சுவரில் கோடு கிழித்துக்கொண்டே போகும். அந்தக் கோடு கிழிக்கும் வேலைக்குச் சக்தி செலவாகிறது. விசை தொடக்கம் முதல் முடிவு வரை கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும் என்பது இதில் உள்ள வசதி. வேறு சில கார்களில் ஒரு உலோகப் பட்டி சுருண்டு பிரிந்து அதே வேலையைச் செய்யும்.

இன்னும் இரண்டு சின்னச் சங்கதிகள் உண்டு. கொலம் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தாங்கியில் தொங்குகிறது. அந்தத் தாங்கியின் இரண்டு பக்கத்திலும் சிறு உலோகத் துண்டுகள் பிளாஸ்ரிக்கால் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். சாரதியின் நெஞ்சு வட்டத்தை முன்னால் தள்ளினால் தாங்கி அந்தத் துண்டுகளை விட்டு வழுக்கிக் கழன்று கொலத்தைப் போக விடும். ஆனால் அது எதிர்த் திசையில், சாரதியை நோக்கி வராது. மற்றது கீழே இருக்கும் தண்டு. இப்போதைய கார்களில் ஸ்டியரிங்கில் இருந்து சில்லு வரை நேர்கோடு கிடையாது. நடுவில் இரண்டு மூட்டுகள் வைத்து வளைத்துக் கொண்டுபோவார்கள். முன்பக்கம் நசுங்கினால் அந்த இடைத் தண்டு மடிந்து பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். மூக்கில் விழும் அடி நெஞ்சு வரை வர வழியே இல்லாமல் போகிறது.

இதையெல்லாம் கம்பனிகள் நல்ல மனதால் மட்டும் செய்யவில்லை. 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1968 ஜனவரி 1 முதல் இரண்டு விதிகள் அமலுக்கு வந்தன. முதலாவது, மனித நெஞ்சு மாதிரி செய்த ஒரு கட்டையை மணிக்கு 24 கிலோமீற்றரில் ஸ்டியரிங்கில் மோதவிட்டால் அதன் மேல் விழும் விசை 11,120 நியூட்டனைத் தாண்டக் கூடாது, கண நேரம் தவிர. இரண்டாவது, காரை மணிக்கு 48 கிலோமீற்றரில் சுவரில் மோதினால் ஸ்டியரிங் சாரதிப் பக்கமாக 127 மில்லிமீற்றருக்கு மேல் வரக் கூடாது. அமெரிக்காவில் விற்க வேண்டும் என்றால் ஜப்பானியரும் ஜெர்மானியரும் இதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. நாம் ஒரு சட்டமும் போடாமலேயே அந்தப் பலன் பழைய ஜப்பான் காரோடு கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியது.

பலன் எவ்வளவு? அமெரிக்க அரசே 1981இல் திரும்பிப் பார்த்தது. நேர் மோதல்களில் சாரதி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதமும், ஸ்டியரிங்கில் அடிபட்டு வரும் கடுமையான காயங்கள் 38 சதவீதமும் குறைந்திருந்தன. அன்றைக்கு அங்கே பெரும்பாலானவர்கள் பெல்ட் போடுவதில்லை, எயார்பேக்கும் கிடையாது. ஒரு குழாயும் சில பிளாஸ்ரிக் ஊசிகளும் மட்டும் செய்த வேலை அது. அதே ஆய்வு ஒரு குறையையும் எடுத்துச் சொன்னது. அடி நேராக நீளவாக்கில் விழாமல் சாய்ந்து விழுந்தால் கொலம் வளைந்து இறுகிக்கொள்ளும், மடங்காது. நிஜ வீதியில் யார் அளவெடுத்து நேராக மோதுகிறார்கள்?

அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டியது பெல்ட்டும் எயார்பேக்கும். பெல்ட் உடலை நேரே பிடித்துவைக்கிறது, எயார்பேக் விசையை நெஞ்சு முழுக்கப் பரப்புகிறது, பின்னால் கொலம் அளவாக விட்டுக்கொடுக்கிறது. மூன்றும் ஒரு கூட்டு. இடையில் அவுடி ஒரு விநோதமான வழியையும் முயன்றது: 1986இல் வந்த அவர்களுடைய முறையில் இயந்திரம் பின்னால் தள்ளப்படும்போது ஒரு கம்பி வடம் ஸ்டியரிங்கை முன்னால் இழுத்துக்கொள்ளும். எயார்பேக் மலிவானதும் அது மறைந்துபோனது. எனக்கு அதன் மேல் இன்னும் ஒரு பாசம்.

இப்போது கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு வருவோம்.

மச்சானின் விட்ஸ் காரில் பவர் ஸ்டியரிங் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இப்படியான சின்னக் கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் கொலத்திலேயே பூட்டப்பட்டிருப்பதால் கராஜ்காரர்கள் முழுக் கொலத்தையும் மாற்றச் சொல்வார்கள். புதிது வாங்க யாருக்குக் கட்டும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து 2025 வரை இருந்ததை வைத்தே எல்லோரும் சமாளித்தோம், பழைய கார்களின் வயது ஏறிக்கொண்டே போனது. ஆகவே இருவரும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். ஜப்பானில் இருந்து பாதியாக வெட்டி வந்த கார்களின் சாமான்கள் கூரை வரை அடுக்கியிருக்கும் ஒரு கடை. கடைக்கார நானா இரண்டு கொலங்களை எடுத்து மேசையில் போட்டார்.

"ரெண்டும் ஒரிஜினல் ஜப்பான் சாமான் தம்பி. எது வேணுமோ எடுங்க."

"நானா, இது அடிபட்ட வாகனத்துல கழட்டினதா?"

"அடிபடாத வாகனத்த யாரு தம்பி ரெண்டா வெட்டுவான்?"

முழுக்க உண்மை இல்லை, வயது போனதால் உடைக்கப்படும் கார்களும் அங்கே நிறைய. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான். ஒரு கொலத்தைத் திருப்பித் தாங்கியைப் பார்த்தேன். ஒரு பக்கத் துண்டு தன் இடத்தில் இருந்து நகர்ந்து, பிளாஸ்ரிக் பூட்டு அறுந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கொலம் தன் வேலையை ஒருமுறை யாருக்கோ செய்து முடித்துவிட்டது. மற்றதில் இரண்டு துண்டும் அசையாமல் இருந்தன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளத்திலும் வித்தியாசம் தெரிந்தது. நல்லதை எடுத்தோம். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். நானாவிடம் காரணத்தைச் சொன்னபோது ஆர்வமாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா ஒருத்தரும் இத கேக்கல்லயே" என்றார். நகர்ந்த கொலத்தைத் தூக்கி எறிந்தாரா, திரும்ப அடுக்கினாரா என்று நான் நின்று பார்க்கவில்லை.

கடையை விடப் பட்டறை பயமானது. மச்சானின் பழைய கொலத்தில் உயரம் மாற்றும் நெம்பு தேய்ந்து ஸ்டியரிங் லேசாக ஆடும். பழுது பார்க்கும் பாஸ் ஒருவர் முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா போதும் மாத்தயா, பிறகு ஆடவே ஆடாது." அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாகனத்தில் மற்ற எல்லா இடத்திலும் ஆட்டம் கெட்டது, இறுக்கம் நல்லது. அந்த அறிவோடு முப்பது வருடம் நேர்மையாகத் தொழில் செய்தவருக்கு, இந்த ஒரு பாகம் மட்டும் விட்டுக்கொடுக்கவே செய்யப்பட்டது என்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்த இரண்டு பொட்டு வெல்டிங் மச்சானின் காரை 1959க்குக் கொண்டுபோய் விட்டிருக்கும்.

சுத்தியலும் அப்படித்தான். வட்டத்தைக் கழற்றவோ பூட்டவோ தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்று கார்க் கம்பனிகளின் பழுதுபார்ப்புக் கையேடுகள் எழுதிவைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் ஊசி அந்த அடியிலேயே அறுந்துவிடலாம். அதற்கென்று இழுத்துக் கழற்றும் கருவி இருக்கிறது, விலையும் பெரிதில்லை. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குத் தனியார் காரில் புகையைச் சோதிக்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். கொலத்தின் அடியில் ரோர்ச் அடித்துப் பார்ப்பது நம் வேலை.

வான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டொல்பின் மாதிரியான பழைய வான்களில் சாரதி முன் சில்லுக்கு மேலேயே உட்காருகிறார். ஸ்டியரிங் வட்டம் பஸ்ஸில் போலப் படுத்துக் கிடக்கும், கொலம் கிட்டத்தட்ட செங்குத்து. நெஞ்சும் வயிறும் வட்டத்தின் விளிம்பில்தான் மோதும், கொலத்தின் நீளவாக்கில் இல்லை. மடங்கும் கொலம் இருந்தாலும் மடங்குவதற்கு அங்கே சந்தர்ப்பம் குறைவு, முன்னால் நசுங்க மூக்கும் இல்லை. இரவிரவாக யாழ்ப்பாணத்துக்கு ஓடும் வான்களில் சாரதி பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதைக் காணும்போது எனக்கு நித்திரை வராது. இலங்கையில் முன் இருக்கைக்காரர்களுக்குப் பெல்ட் கட்டாயமானது 2011இல், தெற்கு அதிவேகப் பாதை திறந்த அதே வருடம். சட்டத்துக்காகப் போடுகிறவர்கள் பொலிஸைக் கண்டதும் இழுத்துப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இருக்கை. நெஞ்செலும்புக்கும் வட்டத்தின் நடுவுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்புத் துறையின் ஆலோசனை. எயார்பேக் கண் சிமிட்டுவதற்குள் விரிகிறது, விரிய அந்த இடம் அதற்குத் தேவை. உயரம் குறைந்தவர்கள் பெடலுக்குக் கால் எட்டவில்லை என்று வட்டத்தைக் கட்டிப்பிடித்து உட்காருகிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இருக்கையை உயர்த்தி, முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து, வட்டத்தின் முகத்தை நெஞ்சைப் பார்க்கும்படி இறக்கியதும் இடம் கிடைத்தது. அளவுநாடா வைத்துப் பார்த்ததற்கு வீட்டில் இன்றுவரை கேலி நடக்கிறது.

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களில் மடியில் பிள்ளையை வைத்து வட்டத்தைப் பிடிக்கவிட்டு ஓட்டும் அப்பாமார் நிறையப் பேர். வேகம் இருபதுதானே என்பார்கள். எயார்பேக்குக்கு ஒதுக்கிய அந்த 25 சென்ரிமீற்றரில்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஸ்டியரிங், பின்னால் அப்பாவின் 70 கிலோ. கொலம் விட்டுக்கொடுப்பது ஒரு பெரிய ஆளின் நெஞ்சுக்கு அளவெடுத்த விசையில். நாலு வயதுப் பிள்ளையின் விலா எலும்பு அதற்கு எவ்வளவோ முன்னாலேயே உடைந்துவிடும்.